தீக்குச்சி பற்றினால் தேன் சுத்தமாகிவிடுமா?

தேன் விற்கிறவர் தீப்பெட்டியை எடுத்தால் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். இங்கே சிங்கப்பூரில், தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எப்போதாவது கண்ணில் படும், ஊருக்குப் போனால் கொடைக்கானல், குற்றாலம் ரோட்டோரத்தில் கட்டாயம் கண்ணில் படும். ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் பாதி அளவுக்குத் தேனடை, மேலே செத்துக் கிடக்கும் நாலைந்து தேனீ, பக்கத்தில் லேபிள் கிழித்த பழைய பாட்டில்கள். குச்சியின் மருந்து முனையைத் தேனில் முக்கி எடுத்து உரசுவார், பற்றிக்கொள்ளும். "பாத்துக்குங்கண்ணே, கலப்படம்னா பத்துமா?" என்பார். அப்புறம் செய்தித்தாளில் ஒரு சொட்டு விடுவார், ஊறாது. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார், கலையாமல் நேரே அடியில் போய் உட்காரும். அதற்குள் சுற்றி நிற்கிறவர்கள் பர்ஸைத் திறந்திருப்பார்கள்.

இந்த மூன்று வித்தையும் காட்டுவது ஒரே விஷயத்தைத்தான். பாட்டிலில் இருப்பது கெட்டியாக இருக்கிறது, தண்ணீர் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். சர்க்கரைப் பாகை நன்றாக வற்றக் காய்ச்சினால் அதிலும் குச்சி பற்றும், பேப்பரில் ஊறாது, தண்ணீரில் மூழ்கும். மழைக்காலத்தில் எடுத்த நல்ல தேனில் ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது இந்தப் பரீட்சையில் தோற்றாலும் தோற்கும். எறும்பு வராது என்பதும் அப்படித்தான், நல்ல தேனுக்கும் எறும்பு வரும், எந்த வீட்டு அலமாரியிலும் பார்க்கலாம்.

எனக்குக் கோபம் வருவது எங்கே என்றால், சோதனையை வைத்திருப்பதே விற்கிறவர்தான் என்பதில். எந்தச் சோதனையில் தன் சரக்கு தேறும் என்று தெரிந்துகொண்டுதான் அவர் அதைச் செய்து காட்டுகிறார். இது தெருவோர வாளிக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்கிற ரசாயனத்தைக் கலந்தார்களே, அதன் கதையும் இதுதான். பாலில் தண்ணீர் ஊற்றினால் புரதம் குறையும். ஆனால் ஆய்வகம் புரதத்தை நேரடியாக அளக்கவில்லை, நைட்ரஜனை அளந்து கணக்குப் போட்டது. மெலமைனில் நைட்ரஜன் ஏராளம். அதை அள்ளிப் போட்டார்கள், சோதனையில் பால் தேறியது, குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். இங்கேயும் அந்த செப்டம்பரில் சீனப் பால் பொருள்களைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள், அப்போது கைக்குழந்தை வைத்திருந்த வீடுகளில் இருந்த பதற்றம் பலருக்கு நினைவிருக்கும்.

தேனிலும் அதே புத்திதான். கரும்பு, சோளப் பாகு கலந்தால் கண்டுபிடிக்க ஒரு சோதனை வந்தது. உடனே அரிசிப் பாகுக்கும் பீட் கிழங்குப் பாகுக்கும் மாறினார்கள், ஏனென்றால் அந்தச் சோதனை அதைப் பிடிக்காது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனை எடுத்துப் பார்த்ததில், என்எம்ஆர் என்கிற நுட்பமான சோதனையில் 10 பிராண்டு தேறவில்லை. நல்ல பாட்டில், நல்ல லேபிள் உள்ள தேனுக்கே இந்த நிலைமை. தீக்குச்சியை வைத்து நாம் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம்?

சரி, அப்படியானால் எதைத்தான் நம்புவது? என் பதில் ஒன்றுதான். விற்ற ஆளை நாளைக்குப் போய்ப் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். பிடிக்க முடியாதவரிடம் வாயில் வைக்கிற பொருள் எதையும் வாங்காதீர்கள்.

இதைச் சிங்கப்பூரில் வைத்து யோசித்தால் நன்றாகப் புரியும். ஒரு காலத்தில் இங்கேயும் தெருவெல்லாம் தள்ளுவண்டியும் தலைச்சுமையுமாகத்தான் இருந்தது. தலையில் தட்டை வைத்துக்கொண்டு கச்சாங் பூத்தே என்ற வறுத்த கடலை, பயறு வகைகளை விற்றவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர். 1968-லிருந்து தெரு வியாபாரிகளைப் பதிவு செய்ய ஆரம்பித்து, 1971 முதல் 1986 வரை உணவங்காடி நிலையங்களைக் கட்டி, எல்லாரையும் ஒரு கூரைக்குக் கீழே கொண்டு வந்தார்கள். குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் கிடைத்ததைத்தான் எல்லாரும் பெரிதாகச் சொல்வார்கள், அது நியாயம்தான், காலராவும் டைஃபாய்டும் இருந்த ஊர் இது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒவ்வொரு கடைக்கும் ஓர் எண்ணும் ஓர் உரிமமும் ஒரு பெயரும் வந்ததுதான். 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் ரோஜாக் என்ற கலவைப் பலகாரத்தைச் சாப்பிட்டு 154 பேர் நோய்ப்பட்டார்கள், 2 பேர் இறந்துபோனார்கள். அது கலப்படம் இல்லை, பச்சைக் கடலுணவிலிருந்து தொற்றிய கிருமி. ஆனால் எந்தக் கடை என்று தெரிந்ததால்தான் அதிகாரிகள் நேரே அங்கே போய்ப் பார்க்க முடிந்தது, கடையை மூட முடிந்தது. அதே ரோஜாக்கை ஒருவர் பையில் வைத்து எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் விற்றிருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்ஸைடு என்ற பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருக்கிறது என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. அதைக் கேட்டு என் சொந்தக்காரர் ஒருவர், "பாத்தியா, பாக்கெட் மசாலாவே வேணாம், இனிமே ஊர்லேர்ந்து யாராவது வரப்போ சந்தையில உதிரியா வாங்கிட்டு வரச் சொல்லிடலாம்" என்றார். நான் அவரிடம் சொன்னது இதுதான். மாமா, பாக்கெட்டில் பெயர் இருந்ததால்தான் அதைத் திரும்பப் பெற முடிந்தது. இறக்குமதி செய்தவர் யார் என்று தெரியும், எந்தக் கடைக்குப் போனது என்று தெரியும். சந்தையில் குவித்து வைத்த பொடியில் என்ன இருந்தாலும் அதைத் திரும்பப் பெற யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்குமே தெரியாது.

பிளாஸ்டிக் அரிசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷா வருஷம் வருகிறது. சோற்றை உருட்டிச் சுவரில் அடித்தால் துள்ளுகிறது, அதனால் பிளாஸ்டிக் என்று ஒரு வீடியோ. சோற்றில் இருக்கும் மாவுச்சத்து ஒட்டிக்கொண்டு இறுகினால் எந்தச் சோற்று உருண்டையும் துள்ளும், உங்கள் வீட்டுப் பொன்னியை உருட்டிப் பாருங்கள். 2016-ல் நைஜீரியாவில் மூட்டை மூட்டையாகப் பிடித்தார்கள், சோதித்தால் அது அரிசிதான். யோசித்துப் பார்த்தாலே போதும், அரிசியைவிட விலை கூடின பிளாஸ்டிக்கை அரிசி விலைக்கு விற்க எந்த வியாபாரிக்கு ஆசை வரும்? இந்த வீடியோக்கள் மேல் எனக்கு இருக்கிற வருத்தம், இவை நம் பயத்தை எல்லாம் தின்றுவிடுகின்றன. பிளாஸ்டிக் முட்டைக்குப் பயந்து முட்டையை உடைத்து உடைத்துப் பார்க்கிற அதே வீட்டில், கண்ணைப் பறிக்கிற மஞ்சள் தூளைக் கேள்வி கேட்காமல் குழம்பில் போடுகிறார்கள்.

மஞ்சள் விஷயம் தெரியுமா? பங்களாதேஷில் 1980-களில் வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிப்போன மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றுவதற்காக ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூச ஆரம்பித்தார்கள். பெயின்ட்டுக்குப் போடுகிற சாயம். வாங்குகிறவர்கள் பளிச்சென்று இருப்பதையே கேட்டார்கள், அதனால் வெள்ளம் வடிந்த பிறகும் பழக்கம் போகவில்லை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதற்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. 2019-ல் அங்கே எடுத்த சந்தை மாதிரிகளில் கிட்டத்தட்ட பாதியில் ஈயம் இருந்தது. அரசு இறங்கி, மொத்த வியாபாரிகளைப் பிடித்து அபராதம் போட்டு, மக்களுக்கும் சொல்லி, 2021-க்குள் அதை ஒழித்தே விட்டார்கள். செய்தால் முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பொடியாக வாங்காமல் முழுசாக வாங்கினால் தப்பிக்கலாம் என்று நாம் சொல்வோம், பெரும்பாலும் சரிதான், ஆனால் இங்கே சாயத்தைப் பூசியதே முழு மஞ்சள் கிழங்கில்தான். அதனால் மஞ்சளில் மட்டும் அழகைப் பார்த்து வாங்காதீர்கள். மங்கலாக, கொஞ்சம் அழுக்காக இருந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

மற்ற சரக்குகளில் முழுசு முழுசுதான். தோ பாயோவில் இருக்கும் என் பெரியம்மா மேசையில் வெள்ளைத் தாளை விரித்துக் கடுகைக் கொட்டி, விரல் நுனியால் பரப்பிப் பரப்பிப் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்குவார். "உள்ள மஞ்சளா இருந்தா கடுகு, வெள்ளையா இருந்தா வேற என்னவோ" என்பார். அந்த வேற என்னவோ, பிரமதண்டு என்ற முள்செடியின் விதை. பார்க்கக் கடுகு மாதிரியே கறுப்பாக இருக்கும், ஆனால் மேல்தோல் வழவழப்பாக இல்லாமல் சொரசொரவென்று இருக்கும். 1998-ல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரியம்மாவுக்கு அந்தச் செய்தி தெரியாது, அவருடைய அம்மா அப்படிப் பார்த்தார், இவரும் பார்க்கிறார்.

மிளகைத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும், காய்ந்த பப்பாளி விதை மிதக்கும். குற்றாலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்கிற கிராம்பையும் அப்படிப் போட்டுப் பாருங்கள். எண்ணெயை ஏற்கெனவே பிழிந்து எடுத்துவிட்ட கிராம்பு சுருங்கிப்போய், வாசனை இல்லாமல், தண்ணீருக்கு மேலே படுத்து மிதக்கும். நகத்தால் கீறினால் கொஞ்சம்கூட எண்ணெய் கசியாது. பட்டையில் கெட்டியாக, ஒற்றை மடிப்பாக, மரப்பட்டை மாதிரியே இருப்பது காசியா, இலங்கையின் சுருள் பட்டை மெல்லிசாகப் பல அடுக்காகச் சுருண்டு கையால் நொறுங்கும். காசியா விஷம் இல்லை, இங்கே பல சமையலில் அதுதான் போகிறது, ஆனால் சுருள் பட்டை விலையை வாங்கிக்கொண்டு காசியாவைக் கொடுத்தால் அது ஏமாற்றுதான். தேனுக்குச் செய்கிற சோதனைக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் உண்டு. இவற்றை நாமே நம் வீட்டில், அவசரமில்லாமல், நமக்குத் தெரிந்த நல்ல சரக்கோடு பக்கத்தில் வைத்துச் செய்கிறோம். அப்போதும் ஈயம், பூச்சிமருந்து எல்லாம் டம்ளர் தண்ணீரில் தெரியாது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

குங்குமப்பூவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் போதும், ஊரிலிருந்து வருகிற எல்லாரும் ஒரு சின்ன டப்பா கொண்டு வருவார்கள், பாலில் போட்டுக் குடி, குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று. நிறம் மாறாது, அது வேறு கதை, அந்தப் பேச்சே எனக்குப் பிடிக்காது. ஆனால் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற பெண் குடிப்பதாலேயே அதில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிறது. ஒரு பூவில் மூன்றே மூன்று இழை, கையால்தான் கிள்ளி எடுக்க வேண்டும், ஒரு கிலோவுக்கு சுமார் ஒன்றரை லட்சம் பூ வேண்டும். இதைக் கோயில் வாசலில் பத்து இருபது ரூபாய்க்கு டப்பா டப்பாவாக விற்றால் அது குங்குமப்பூவாக இருக்க வழியே இல்லை. சாயம் போட்ட குசும்பா என்ற வேறொரு பூவின் இதழாக இருக்கலாம், சோளக் கதிரின் நாராக இருக்கலாம். அண்மையில் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு வந்த டப்பாவிலிருந்து ஓர் இழையை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டோம். போட்ட உடனே சுற்றிலும் ரத்தச் சிவப்பு பரவியது, கொஞ்ச நேரத்தில் இழை வெளுத்துப்போய் நூல் துண்டாகக் கிடந்தது. அசல் இழை மெதுவாக, பத்து நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு பொன் மஞ்சளாக நிறம் விடும், இழை கடைசிவரை சிவப்பாகவே இருக்கும். கொண்டு வந்த அத்தையின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, அவர் ஆசையாகத்தான் வாங்கி வந்தார். தேனும் அப்படித்தான், பிறந்த குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார்கள். ஒரு வயது ஆகும்வரை எவ்வளவு சுத்தமான தேனும் கொடுக்கக் கூடாது, அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்துவிடும். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தீபாவளிச் சந்தையில் "சுத்த நெய்" பலகாரம் வாங்கினால் எனக்கு ஒரே அளவுகோல்தான். நெய் நம் உடல் சூட்டுக்கே உருகிவிடும். டால்டா அதைவிடக் கூடுதல் சூடு கேட்கும், அதனால் விழுங்கிய பிறகும் மேலண்ணத்தில் பிசுக்காக ஒட்டிக்கொண்டு நிற்கும். டால்டாவில் செய்கிறவர் டால்டா என்று எழுதி வைத்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை, காசுக்குத் தகுந்த பலகாரம். சாப்பாட்டுக் கடைகளில் "டோரி" என்று கடல்மீன் பெயரில் போடுவது பெரும்பாலும் வியட்நாம் பங்காசியஸ் மீன் என்பதும், கிராப் ஸ்டிக்கில் நண்டு தேடக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

நான் அதிகம் கவலைப்படுவது ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளைப் பற்றி. வாரம் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வருகிறார்கள், கையில் இருப்பதில் முக்கால்வாசி வீட்டுக்குப் போக வேண்டும். அவர்களிடம் ஒருவர் நம் பாஷையில், அண்ணன் தம்பி என்று கூப்பிட்டு, மலைத்தேன், மூட்டுவலி லேகியம், ஆண்மைக்கு ஒரு பாக்கெட் என்று மெதுவாகப் பையைத் திறந்தால் வாங்கிவிடுவார்கள். அந்த மாதிரித் தேன் பாக்கெட்டுகளில் தடாலஃபில், சில்டெனாஃபில் என்ற ஆண்மைக் குறைவுக்கான மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருக்கிறார்கள் என்று 2022-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பெயர் சொல்லி எச்சரித்தது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் டாக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், தேன்தான் சாப்பிட்டேன் என்பார், அது பொய்யும் இல்லை.

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவரை மட்டும் குற்றவாளியாக்கவும் எனக்கு மனசில்லை. அவருக்கு யாரோ மொத்தமாகக் கொடுக்கிறார்கள், பிடிபட்டால் இவர்தான் மாட்டுவார், உரிமம் இல்லாமல் விற்றால் முதல் தடவையே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். கலந்தவர் எங்கேயோ சௌகரியமாக இருப்பார். ஆனாலும் அவர்மேல் இருக்கிற பரிதாபத்துக்காக அந்தப் பாட்டிலை நாம் வாங்க முடியாது.

உங்களிடம் ஏற்கெனவே ஏதாவது அப்படி வந்து சேர்ந்திருந்தால், சந்தேகம் வந்த உடனே சிங்க்கில் கொட்டிவிடாதீர்கள், மூடி எடுத்து வையுங்கள். பாட்டிலை, லேபிளை, விற்ற இடத்தைப் படம் எடுங்கள், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி வையுங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையதளத்தில் புகார் கொடுக்கும் படிவம் இருக்கிறது, ஆங்கிலத்தில் நிரப்பத் தெரியாத தம்பிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். உடம்புக்கு ஏதாவது செய்தால் கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த மாசத்துக்கு மசாலா வேண்டுமென்றால், தேக்காவில் உரிமத்தோடு நடக்கிற கடையில் மிளகாய், மல்லி, மஞ்சளை முழுசாக வாங்கி, பெரியம்மா மாதிரி பரப்பிப் பார்த்துவிட்டு, அந்த வட்டாரத்திலேயே அரைத்துத் தருகிற மில்லில் கொடுங்கள். அரைத்து முடியும்வரை அங்கேயே நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.